நன்றி வண்டி

தைவானின் தென்கரையில், மீன்குளங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் காங் யீ-ஷான் தேர்தலில் தோற்றுப்போனார். ஊர்மன்ற உறுப்பினராகத் தொடங்கி, ஊர்த்தலைவர், மாவட்டத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஏறி, தலைநகரில் அமைச்சர் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அறுபத்தொன்பது வயதில், சொந்த ஊருக்குக் கடைசியாக ஒரு முறை உழைக்கலாமே என்று மறுபடியும் ஊர்த்தலைவர் பதவிக்கு நின்றார். உழைத்தது போதும் என்று ஊர் சொல்லிவிட்டது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டு எண்ணிய மறுநாள், தேர்தலில் நின்றவர்கள் திறந்த வண்டியில் ஏறி, ஒலிபெருக்கி வைத்து, தெருத்தெருவாகக் கும்பிட்டு நன்றி சொல்லிக்கொண்டே போவார்கள். வென்றவருக்கு அது ஊர்வலம். தோற்றவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போகத்தான் வேண்டும்.

காங் வண்டியில் ஏறினார். தெருவுக்குப் போகாமல், ஊர் எல்லையிலிருந்த பௌத்த மடத்துக்கு விடச் சொன்னார். அங்கே ஹுய்ஜிங் என்ற பிக்குணி இருந்தார். வயது நாற்பதுதான், ஆனால் காங் பத்து வருடமாக அவரைத்தான் குரு என்று கும்பிட்டு வந்தார். அன்று அவர் முற்றத்தில் முள்ளங்கித் துண்டுகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

மதிய ரயிலில் தலைநகருக்குக் கிளம்பிவிடப் போவதாகவும், இனி இந்த ஊரில் காலடி வைப்பதில்லை என்றும் காங் சொன்னார். பிறகு கேட்டார்: "தோற்றவன் யாருக்கம்மா நன்றி சொல்வது?"

"உங்களுக்கு ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லையா?"

"நாலாயிரம் பேர் போட்டிருக்கிறார்கள்."

குரு உள்ளே போய்த் தாளும் பென்சிலும் கொண்டுவந்தார். "அவர்கள் பெயரை எழுதுங்கள். அந்த வீடுகளுக்கு மட்டும் போய் வந்தால் போதும்."

காங் மனைவியின் பெயரை எழுதினார். தம்பியின் பெயரை எழுதி, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். வண்டி ஓட்டி வந்தவரைப் பார்த்தார். அவர் தொப்பியைச் சரிசெய்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்பது வருடம் ஓட்டுக் கேட்டவருக்கு அதற்குமேல் ஒரு பெயரும் உறுதியாகத் தெரியவில்லை. பிறகு ஏதோ நினைவில், கை தானாக ஒரு பெயரை எழுதியது.

குரு எட்டிப் பார்த்தார். "சோயாப்பால் கடை ஃபாங் அம்மாள். இவர் உங்களுக்கா போட்டார்?"

"இல்லை. உனக்கு வயதாகிவிட்டது, இந்த முறை உன்னை எதிர்த்து நிற்கிற அந்தப் பெண்ணுக்குத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்."

"பிறகு ஏன் எழுதினீர்கள்?"

"முதல் தேர்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பதினோரு நாள், தினமும் காலையில் பேரிக்காய் வேகவைத்த தண்ணீரைச் சூடாக எடுத்து வைத்திருப்பார். அதைக் குடித்துவிட்டுத்தான் நான் கூட்டத்தில் பேசப் போவேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. தோற்றுப்போனது அந்த நேரத்தில் அவர் நினைவிலேயே இல்லை. அந்த அம்மாளின் மேல் அவ்வளவு நன்றி பொங்கியது.

"அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா?"

"ஜெயித்த ஒவ்வொரு முறையும் வண்டி அந்தத் தெரு வழியாகத்தான் போகும். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன்."

காங் பென்சிலை மறுபடியும் கையில் எடுத்தார்.

"ஓட்டுப் போடாதவர். பெயரை அடித்துவிடட்டுமா?"

"வேண்டாம். வண்டியை முதலில் அங்கே நிறுத்துங்கள்."