ஒரே துளையில் இரண்டு போன்

"ரெண்டும் சேர்ந்து கேட்கணும், மேஸ்திரியம்மா. ஆனா ரெண்டுமே தேய்ஞ்சு போய்க் கேட்குது" என்றார் தேவசகாயம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வாடகைக் கார் ஓட்டுகிறவர். மேஸ்திரி ரஹ்மத்துக்கு முப்பத்திநாலு. சேலத்தில் கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்துகிறவள்.

மனைவி எஸ்தர் இறந்த பிறகு விடுமுறை நாட்களில் தேவசகாயத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்று மாதமாக ரஹ்மத்திடம் வயரிங் கற்றுக்கொள்ள வருகிறார்.

ரஹ்மத் காருக்குள் குனிந்து பார்த்தாள். ஸ்டீரியோவின் ஒரே துளையிலிருந்து இரட்டைத் தலை வயர் ஒன்று வந்தது. ஒரு தலையில் பழைய போன். மறு தலையில் புதியது.

"மூணு மாசமா காதைக் கழட்டி வெச்சுட்டா உட்கார்ந்திருந்தீங்க?"

"திட்டாதீங்க."

"ரெண்டு போனை நேரா ஒட்டினா ஒன்னோட சத்தத்தை ஒன்னு தின்னும்ணே. நடுவில ஒரு சுவிட்ச் வைங்க. ஒரு நேரத்துக்கு ஒன்னு."

"சுவிட்ச் வேண்டாம்."

"ஏன்?"

"பழைய போன்ல எஸ்தர் இருக்கா."

ரஹ்மத் வயரிலிருந்து கையை எடுத்தாள்.

எஸ்தர் அனுப்பிய குரல் செய்திகள் நாற்பத்தொன்று. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். வண்டி ஓடுகிற வரை அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

"புதுசுல?"

"ரூபி. என் மக. ஓசூர்லேர்ந்து பேசுவா."

"அவ பேசும்போது அம்மாவை நிறுத்துவீங்களா?"

"எப்படிம்மா நிறுத்துறது?"

ரஹ்மத் இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு நாளா ரூபி பேசலை. நான் கூப்பிட்டாலும் எடுக்கலை. நான் பேசுறப்போ பின்னாடி அம்மா குரல் கேட்டிருக்கும். தாங்க முடியாமத்தான் போனை வெச்சிருப்பா. அவளுக்குக் கேட்காம, எனக்கு மட்டும் எஸ்தர் கேட்கிற மாதிரி ஒரு வயரிங் சொல்லுங்க. ரூபி மறுபடி பேசணும். எனக்கு வேற யார் இருக்கா?"

ரஹ்மத் சுற்றி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். வெயிலில் சீட் கொதித்தது.

"எஸ்தர் அக்கா முதல்ல என்ன சொல்லுவாங்க?"

"'கத்தரிக்காய் முத்தலா இருந்தா வாங்காதீங்க.'"

"அடுத்தது?"

"'மாத்திரை போட்டீங்களா? போடலைன்னா சும்மாவாவது போட்டேன்னு சொல்லுங்க.'" அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்தார்.

"பதினேழாவது?"

"'மழை வருது, துணியை எடுத்துட்டேன்.' அதுக்குப் பிறகு ஒரு இருமல்."

"ரூபி கடைசியா என்ன சொன்னா?"

தேவசகாயம் வாய் திறந்தார்.

ரூபி கடைசியாகப் பேசிய அன்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. சிக்னல் மூன்று முறை மாறியது. எஸ்தர் இருமினாள். இவ்வளவும் நினைவிருந்தது.

ரூபி சொன்னது மட்டும் வரவில்லை.

ரஹ்மத் இரட்டைத் தலை வயரைப் பிடுங்கினாள். வேறு வயர் எடுத்துத் தன் போனைச் செருகினாள்.

"நம்பர் சொல்லுங்க."

சொன்னார். நான்கு முறை மணி அடித்தது.

"யாருங்க?"

ரூபியின் குரல் காரை நிறைத்தது. அந்தக் காரில் அவள் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதே இல்லை.

"அப்பா பேசுறேம்மா. வெச்சிடாதே. அன்னைக்கு நீ ஏதோ சொன்னியே... என்ன சொன்னே?"

 

"வயித்துல இருந்தது கலைஞ்சிடுச்சுன்னு சொன்னேன்ப்பா."

தேவசகாயம் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"நீங்க, 'நல்லதும்மா'ன்னீங்க."