திவான் ருசி பார்த்த சைக்கிள்

ஏலக்கோட்டை என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. சின்னதுதான். அரண்மனை யானை முழுசாகத் திரும்ப வேண்டுமென்றால் பக்கத்துச் சமஸ்தானத்துக்குள் போய்த்தான் திரும்பி வர வேண்டும். ஆனால் அதை ஆண்ட ராஜா ரணசூரத் துரைக்கு ஆசைகள் பெரிது. சீமையிலிருந்து கப்பலில் ஒரு சைக்கிள் வரவழைத்தார்.

முற்றத்தில் ஓட்டிப் பழகினார். நன்றாகவே போனது. நான்காம் சுற்றில் ஒரு கோழி குறுக்கே வந்தது. ராஜா முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினார். சைக்கிள் நின்றது. ராஜா நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து போய்த் துளசி மாடத்தடியில் விழுந்தார்.

எழுந்தவர் முதலில் மீசையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "என்னை எது நிறுத்தியது?" என்று கேட்டார்.

"பிரேக், மகாராஜா" என்றார் திவான் சேஷாசலம். ராஜாவின் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பேசியே பெரிய ஆளானவர் அவர். "மகாராஜாவை நிறுத்த ஓர் இரும்புத் துண்டுக்கு என்ன அதிகாரம்? கழற்றி எறிய உத்தரவிடுங்கள். இனி பிரேக் வேண்டும் என்று சொல்பவன் ராஜத்துரோகி."

ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் கழற்றி ஆயுத சாலையில் பூட்டி வைத்தார்கள். அதோடு நின்றதா? விஜயதசமியன்று மலைமேல் இருக்கும் அரண்மனையிலிருந்து அடிவாரத்துத் தேரடி வரை ராஜா சைக்கிளில் இறங்கி வருவார் என்று ஊரெல்லாம் தண்டோராவும் போட்டார்கள்.

ஆஸ்தானப் புலவர் ஆவுடைநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மலைப்பாதை முழுக்கச் சரிவு. தேரடியில் ராணியம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பார். சுற்றிலும் குழந்தை குட்டிகளோடு ஊர் ஜனம் நிற்கும். பிரேக் இல்லாத சைக்கிள் வந்தால் ராஜாவும் மிஞ்ச மாட்டார், ராணியும் மிஞ்ச மாட்டார். வாயைத் திறந்து சொன்னாலோ துரோகி.

மறுநாள் சபையில் புலவர் எழுந்தார்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். தங்கள் இலையில் விழும் பதார்த்தத்தை முதலில் ருசி பார்ப்பது யார்?"

"திவான்தான். விஷம் கிஷம் இருந்தால் தெரிய வேண்டாமா? பரம்பரை வழக்கம் ஆயிற்றே" என்றார் ராஜா.

"மகாராஜாவுக்கு முன்னால் என் உயிர் போகட்டும் என்றுதான் முதல் கவளம் எடுக்கிறேன்" என்று திவான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட பக்தி! வயிற்றுக்குள் போகிற சோற்றுக்கே அப்படி என்றால், மகாராஜாவையே சுமந்து போகிற வாகனத்தை ருசி பார்க்காமல் விடலாமா?"

ராஜா யோசித்தார். "அதானே! திவான், நாளைக் காலையில் நீர் ஒருமுறை இறங்கிப் பாரும்."

திவான் பதறிக் கைகூப்பினார். "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே, மகாராஜா!"

"ருசி பார்க்கிறவருக்குச் சமைக்கவா தெரிய வேண்டும்?" என்றார் புலவர்.

சபை கலைந்ததும் திவான் புலவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய் ஆவுடைநாயகம், கீழே போனதும் நான் எப்படி ஐயா நிற்பேன்?"

"மெதுவாகப் பேசுங்கள். நிற்பதைப் பற்றிக் கேட்டால் துரோகம் என்று எடுத்துக்கொள்வார்கள்."

மறுநாள் விடியற்காலையிலேயே புலவர் மலைப்பாதையில் ஓர் ஆள்கூட இல்லாமல் ஒதுக்கிவிட்டார். பாதை முடியும் இடத்துக்கு எதிரே குளம். கரையில் வைக்கோலைப் பரப்பி, நீந்தத் தெரிந்தவர்களையும் நிறுத்தி வைத்தார்.

திவானைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தார்கள். முதல் வளைவு வரை திவான் சைக்கிளை ஓட்டினார். அதற்கப்புறம் சைக்கிள் திவானை ஓட்டியது. தலைப்பாகை ஒரு புளிய மரத்தில் தங்கிவிட்டது. தேரடியில் வரவேற்புக்குக் கட்டியிருந்த வாழைமரம் ஒன்று கூடவே கிளம்பியது. வைக்கோலைக் கடந்து, திவான், சைக்கிள், வாழைமரம் என்ற வரிசையில் குளத்துக்குள் இறங்கினார்கள்.

ராஜா பல்லக்கில் வந்து சேர்ந்தபோது திவானைக் கரையேற்றியிருந்தார்கள். சிராய்ப்புத் தவிர வேறொன்றும் இல்லை.

"எப்படி இருந்தது, திவான்?"

திவான் வாயிலிருந்த பாசியைத் துப்பினார். "அற்புதம், மகாராஜா. பிரேக் மட்டும் ஒரு சிட்டிகை சேர்த்தால் நன்றாயிருக்கும்."

ராஜாவின் புருவம் ஏறியது. "அப்படியானால் ஓர் இரும்புத் துண்டு என்னை நிறுத்தலாமா?"

புலவர் கைகூப்பினார். "பிரேக் யாரையும் நிறுத்துவதில்லை, மகாராஜா. பிரேக்கைப் பிடித்து மகாராஜாதான் சைக்கிளை நிறுத்துகிறார். அது இல்லாவிட்டால்தான் கண்டதெல்லாம் மகாராஜாவை நிறுத்தும். இன்று திவானை நிறுத்தியது யார்? குளம்."

ராஜா குளத்தைப் பார்த்தார். பிறகு தேரடியைப் பார்த்தார். ராணி நிற்க வேண்டிய இடத்தில் சக்கரத் தடம் பதிந்திருந்தது.

"அன்றைக்கு என்னைத் தூக்கி எறிந்ததே?" என்றார் கடைசியில்.

"முன்னதை மட்டும் ஒரேயடியாக இறுக்கினீர்கள். இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடித்தால் பணிந்து நிற்கும்."

"பிரேக்கை மாட்டுங்கள்" என்றார் ராஜா. தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தினார். "ஆவுடைநாயகம், இனி நான் ஏறும் முன்பெல்லாம் நீர்தான் ருசி பார்க்க வேண்டும்."

"உத்தரவு, மகாராஜா. நின்ற இடத்திலேயே பார்த்துவிடுகிறேன். டயரை அமுக்கினால் காற்று தெரியும். சங்கிலியைத் தொட்டால் எண்ணெய் தெரியும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தால் அதன் லட்சணம் தெரியும். ஏறவே வேண்டாம்."

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த திவான் நிமிர்ந்தார். "ஏறவே வேண்டாமா? பாவி மனுஷா, இதை எனக்கு முன்னாலேயே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் ஐயா பின்னாலேயே ஓடி வந்தேன்" என்றார் புலவர். "நீங்கள் நிற்கவில்லையே!"