பாட்டுக்குள் ஒரு விசில்

“மேடம், இந்தப் பாட்டுக்குள்ள ஒரு விசில் கெடக்கு. என்ன பண்ணாலும் போவ மாட்டேங்கு.”

சொன்னவர் பூல்பாண்டி. மைக்செட் போட்டே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தூத்துக்குடியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு மிக்ஸிங் கற்க வந்தவர். சீடருக்கு நாற்பத்தாறு வயது. குரு பெர்பெத்துவாவுக்கு முப்பது.

வயதைப் பார்த்தா வித்தை வரும்? குருவின் காது அப்படிப்பட்ட காது. பாடகி எச்சில் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். இத்தனைக்கும் பாட்டை முணுமுணுப்பு போலத்தான் வைப்பார். இயர்போன் காதில் இருக்கும்போதே வாசலில் டீ வந்துவிட்டதைச் சொல்வார். அவ்வப்போது கழற்றி, துணியால் துடைத்து, டப்பாவில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

சீடருக்குச் சும்மா உட்காருவதுதான் ஆகாது. காலையில் மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவார். சத்தம் என்றால் அவருக்கு நெஞ்சில் இடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மாதா கோயில் திருவிழாப் பாட்டைக் கொடுத்தாக வேண்டும். பூல்பாண்டி தனியாகச் செய்த முதல் பாட்டு. சரியாக வந்தால் வேலை நிரந்தரம்.

“எந்த எடத்துல கேக்கு, அண்ணாச்சி?”

“ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும். கீ...ன்னு.”

“சத்தத்தக் கூட்டிப் பாத்தியளா?”

“முழுசாக் கூட்டிட்டேன் மேடம். மூணு நாளா அதோடதான் மல்லுக்கட்டுதேன்.”

பெர்பெத்துவா அவருடைய இயர்போனை வாங்கிப் பார்த்தார். சத்தம் வரும் வலையில் காதழுக்கு அப்பிக்கிடந்தது. காய்ந்த பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுத்தார். ரப்பரைக் கழற்றித் துடைத்து மாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

பாட்டு மறுபடி ஓடியது. பூல்பாண்டி துள்ளி விழுந்தார். அவசரமாகச் சத்தத்தைப் பாதிக்கு மேல் குறைத்தார்.

“யம்மா! பாட்டு பளிச்சுன்னு இருக்கு மேடம்.”

“விசில்?”

“அதுவும் இருக்கு.”

“கண்ண மூடிக் கேளுங்க.”

கண்ணை மூடினார். பாட்டு சட்டென்று நின்றது.

“இப்பம்?”

“இப்பம்தான் சுத்தமாக் கேக்கு! பாட்ட நிறுத்திட்டு விசில மட்டும் தனியா எடுத்துட்டியளே. எப்பிடி மேடம்? எங்க ஒளிஞ்சிருந்துது?”

சீடருக்கு மெய்சிலிர்த்தது. இப்படி ஒரு குருவைப் பெற என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தபடியே கண்ணைத் திறந்தார்.

இயர்போனின் வயர் மெஷினில் இல்லை. பிடுங்கிய முனை குருவின் கையில் இருந்தது.

பூல்பாண்டி இயர்போனைக் காதிலிருந்து உருவினார். விசில் நிற்கவில்லை. இரண்டு காதையும் பொத்திப் பார்த்தார். அப்போதும் கேட்டது.



“அப்பம்... பாட்டு?”

“பாட்டுல ஒரு கொறையும் இல்ல, அண்ணாச்சி. காது டாக்டர் மத்தியானம் வரைக்கும் இருப்பாவ. வாங்க, நானும் வாறேன்.”