கூரைக்குக் கீழே

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அந்தத் தியானக்கூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முகாம் தொடங்கும் காலையில் ஒரு பிரம்புக்கூடை சுற்றி வரும். எது இல்லாமல் இருக்க முடியாதோ, அதை அதில் போட்டுவிட வேண்டும். முகாம் முடிந்ததும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கைப்பேசிகள் விழும். வெற்றிலைப் பெட்டி விழும். கூடையைச் சுமந்து வரும் அரிசி ஆலைக்காரர் நாச்சிமுத்து முதல் ஆளாகத் தன் மூக்குப்பொடி டப்பியைப் போடுவார். கடைசி நாளில் முதல் ஆளாக ஓடிவந்து எடுப்பவரும் அவர்தான்.

அந்த மாசி முகாமில் கோகிலவாணி ஒரு மாத்திரை அட்டையைப் போட்டாள்.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்த சமயம். மூத்தவள் பிறந்தபோது, குழந்தையை நீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவள் அவள். பால் கட்டி நெஞ்சு வலித்தது. அழுகைச் சத்தமோ எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் இருந்தது. கிணற்றடிக்குத் தனியே விட வீட்டில் பயந்தார்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரைதான் அவளை மெல்ல மெல்ல மகளிடம் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாவது உண்டானபோதும், நன்மை தீமை இரண்டையும் எடுத்துச் சொல்லி, நிறுத்த வேண்டாம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

ஆனால் போன முகாமில் நாச்சிமுத்து சொன்னது காதிலேயே நின்றது.

"மனசுக்கு மாத்திரை முழுங்கிட்டுத் தியானத்துல உக்கார்றது, கார்ல ஏறி கிரிவலம் சுத்துற மாதிரிங்கம்மிணி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கூடை குருவிடம் போனது. குரு தெய்வானை அம்மாள் நாச்சிமுத்துவைவிட வயதில் மிகவும் இளையவர். கூடைக்குள் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அன்று அட்டை வெயில் பட்டுப் பளபளத்தது.

"இது யாருதுங்க?"

கோகிலவாணி எழுந்தாள். எழும்போதே தலை கிறுகிறுத்தது. ஒரு வாரத்துக்கு முன்பே மாத்திரையை விட்டிருந்தாள்; அதிலிருந்தே அப்படித்தான். தூக்கமும் போயிருந்தது.

"என்னுதுங்கம்மா."

"டாக்டர் நிறுத்தச் சொன்னாங்களா?"

"இல்லீங்க, நானாத்தான். எதையும் பிடிச்சுக்காம நிக்கணும்னுதானே இங்க வர்றோம்? என் மனசை நானே ஜெயிக்கணுமுங்க. வயித்துல இருக்கறதுக்காகவாவது."

நாச்சிமுத்து "சபாஷ்" என்றே சொல்லிவிட்டார்.

குரு திரும்பி, கூடத்தின் நடுவில் நின்ற முட்டுக்காலைப் பார்த்தார்.

ஐப்பசி மழையில் கூடத்து உத்திரம் விரிசல் விட்டிருந்தது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, அடியில் தடித்த மரக்கால் ஒன்றை முட்டுக்கொடுத்துப் போயிருந்தார். நட்டநடுவில் அது நிற்பது யாருக்கும் பிடிக்கவில்லை. கண்ணை மூடி நடக்கும் பயிற்சியில் அதில் நெற்றியை இடித்துக்கொள்ளாதவர் இல்லை.

"ஏனுங்க நாச்சிமுத்து, கொல்லையில கடப்பாரை இருக்குது. எடுத்தாங்க."

எடுத்து வந்தார்.

"அந்த முட்டுக்காலைப் பேர்த்துக் கூடையில போடுங்க."

"அம்மா?"

"உத்திரம் எத்தனை நாளைக்கு இன்னொரு மரத்து மேல சாஞ்சு நிக்கும்? சொந்த பலத்துல நிக்கப் பழகட்டும். இத்தனை வருசம் நம்ம தியானத்தை எல்லாம் மேல இருந்து பாத்துட்டுத்தானே இருக்குது?"

யாரோ சிரித்தார்கள். குரு சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"பேர்த்துப் போடுங்க."

நாச்சிமுத்து கடப்பாரையை ஓங்கினார். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். இறக்கிவிட்டார்.

"கூரை இறங்கிருமுங்கம்மா! கீழ இத்தனை பேர் உக்காந்திருக்கோம்!"

"யாரு சொன்னா எடுப்பீங்க?"

"ஆசாரி வந்து பாத்துச் சொல்லட்டும். அவர் சொல்லாம நான் தொட மாட்டனுங்க."

குரு கூடையிலிருந்த அட்டையை எடுத்துக் கோகிலவாணியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இவ கூரைக்குக் கீழயும் ஒருத்தர் படுத்திருக்காருங்க" என்றார் நாச்சிமுத்துவிடம்.

கடப்பாரை ஓசையில்லாமல் சுவரில் சாய்ந்தது.

"அப்போ இதை மறுபடி போட்டுக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"எனக்கு மரமும் தெரியாது, மருந்தும் தெரியாது. உன்ற ஆசாரிகிட்டப் போ கண்ணு. இப்பவே."

நாச்சிமுத்துதான் தன் காரை எடுத்தார். ஊர் எல்லை தாண்டியதும் கோகிலவாணி மெதுவாகக் கேட்டாள்.

"கார்ல போனா கணக்குல வருமுங்களா?"

அவர் பொடி போடாமலேயே தும்மினார்.

மருத்துவர் முதலில் திட்டினார். பிறகு பரிசோதித்து, எப்படி மறுபடி தொடங்குவது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனியில் பையன் பிறந்தான். தாய் மாத்திரை சாப்பிட்டு வந்ததால், முன்னெச்சரிக்கையாக அவனைக் கொஞ்சம் கூடுதலாகவே கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். நர்ஸ் அவனைக் கொண்டுவந்து நீட்டியபோது கோகிலவாணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தச் சுவர் வருமென்று காத்திருந்தாள்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். மடங்கிய காது ஒன்று தெரிந்தது. வாங்கி மடியில் கிடத்தியதும் வீறிட்டு அழுதான். அந்த அழுகை பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. அவள் மடியிலேயே கேட்டது.

"கேக்குது!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

அடுத்த முகாமுக்கு இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். கூடை வந்தது. மருத்துவர் சொன்னபடி இன்னும் தொடர்ந்துகொண்டிருந்த மாத்திரையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். அட்டையைத் திரும்பப் பையில் வைத்துவிட்டுக் கைப்பேசியைக் கூடையில் போட்டாள்.

முட்டுக்கால் அங்கேயே இருந்தது. நெற்றி இடிக்கும் உயரத்தில் யாரோ பழந்துணி சுற்றியிருந்தார்கள். மூத்தவள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும், பாயில் கிடந்த தம்பி காலை உதைத்துச் சிரித்தான். கோகிலவாணியும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து உத்திரத்தையும் முட்டுக்காலையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"அம்மா, எனக்கு ஒரு சந்தேகமுங்க. கடைசியில ஜெயிச்சது இந்தப் பொண்ணா, மாத்திரையா?"

குரு சொன்னார்:

"அண்ணாந்தே நின்னா எப்படித் தெரியுமுங்க? கீழ பாருங்க."