ராஜாவின் கடிகாரத்தில் பதினைந்து மாணிக்கம்

செங்காட்டூர் ராஜா கனகசபை பூபதிக்கு அவருடைய அப்பா விட்டுவிட்டுப் போனது ஒரு சமஸ்தானம், ஒரு கிழட்டு யானை, ஒரு தங்கக் கடிகாரம். சமஸ்தானத்தைத் திவான் பார்த்துக்கொண்டார். யானை தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. கடிகாரத்தைப் பற்றித்தான் ராஜாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற கடிகாரம் அது. எந்த ஊர் வேலை, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்லும்படி கடைவீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் தாவூத் ராவுத்தரிடம் கொடுத்தனுப்பினார்.

ராவுத்தர் இரண்டு நாள் வைத்திருந்து, அழுக்கெடுத்து, எண்ணெய் விட்டு, ஓடவைத்து, மூன்றாம் நாள் காலையில் தர்பாருக்கே கொண்டுவந்தார். நல்ல கூலி கிடைக்கும் என்று நினைத்திருந்தார். கிடைத்தது இரண்டு சேவகர்கள், தோளுக்கு ஒருவராக.

எல்லாம் பொக்கிஷதார் வையாபுரியால் வந்தது. அரண்மனை நகைநட்டுகள் அவர் பொறுப்பு. கொஞ்சம் இங்கிலீஷும் தெரியும். கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே இன்னொரு மூடி, அதில் பொடி எழுத்துகள். கூட்டிப் படித்தார்.

"பதினைந்து ரூபிஸ் என்று போட்டிருக்கிறது, மகாராஜா. ரூபி என்றால் மாணிக்கம். நடுவில் ஓர் எழுத்து குறைகிறது, செதுக்கியவன் அவசரக்காரன் போலிருக்கிறது."

அந்த மூடியையும் திறந்தார்கள். உள்ளே வெறும் சக்கரங்கள்.

"பதினைந்து மாணிக்கமும் எங்கே?" என்று ராஜா கேட்டார். எல்லாரும் ராவுத்தரைப் பார்த்தார்கள்.

"உள்ளேதான் இருக்கின்றன, மகாராஜா. சக்கரத்தின் அச்சு தேயாமல் இருக்கப் பதித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறிசு."

வையாபுரி சிரித்தார். "ராஜா வீட்டுக் கடிகாரத்தில் கடுகையா பதிப்பார்கள்?"

"அப்பா காலத்தில் நீர் அந்தக் கற்களைப் பார்த்திருக்கிறீரா?" என்று ராஜா அவரிடம் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் முப்பது வருஷப் பொக்கிஷதார், நிறைந்த தர்பாரில், பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வார்?

"இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், மகாராஜா. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. கடிகாரம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது."

தெருவையே விற்றாலும் பதினைந்தாயிரம் தேறாது. கழற்றிக் காட்டுகிறேன் என்று ராவுத்தர் கெஞ்சினார். மறுபடி கையில் கொடுத்தால் மிச்சத்தையும் விழுங்கிவிடுவான் என்றார் வையாபுரி.

"மாலைக்குள் கல் வரவேண்டும்," என்றார் ராஜா. "வராவிட்டால் இவர் கடையையும் வீட்டையும் ஜப்தி செய்யுங்கள்."

அரண்மனைக் கடிதங்களையும் உத்தரவுகளையும் எழுதுகிற ராயசம் அனந்தையா மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"உத்தரவை நான்தான் எழுத வேண்டும், மகாராஜா. அளவு பிசகக் கூடாது. பொக்கிஷதாரே, புளியங்கொட்டை என்றால் சின்னதா, பெரியதா?"

"நன்றாக முற்றின கொட்டை."

"பதினைந்தும் இதற்குள்ளேயே இருந்தனவா?"

"இதற்குள்ளேதான்."

அனந்தையா சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பிப் பதினைந்து புளியங்கொட்டை வரவழைத்தார். ராவுத்தருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. இந்த மனிதர் கல்லின் அளவைக்கூட விடாமல் எழுதி, தன்னை ஒரேயடியாகப் புதைத்துவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"எந்தெந்த இடத்தில் இருந்தன என்றும் குறிக்க வேண்டும்," என்றார் அனந்தையா. "முன்பு இருந்தபடியே வைத்து மூடிக் காட்டுங்கள், பொக்கிஷதாரே."

வையாபுரி ஒரு கொட்டையைச் சக்கரத்தின் மேல் வைத்தார். மூடி இறங்கவில்லை. படுக்கவைத்துப் பார்த்தார். விளிம்போரமாகச் செருகிப் பார்த்தார். கொஞ்சம் அழுத்தினார். கொட்டை துள்ளி ராஜாவின் மடியில் போய் விழுந்தது. இன்னும் பதினான்கு கொட்டைகள் வையாபுரியின் கையில் வியர்த்துக்கொண்டிருந்தன.

"அப்போது உள்ளே இவ்வளவு சக்கரம் இல்லை," என்றார் வையாபுரி.

அனந்தையா பேனாவை மையில் தோய்த்தார். "அப்படியே எழுதிவிடுகிறேன். பெரிய மகாராஜா கடைசிவரை சக்கரம் இல்லாத கடிகாரத்தில்தான் மணி பார்த்தார் என்று."

ராஜாவின் முகம் கறுத்தது. "ராவுத்தரே, நீர் கழற்றிக் காட்டும்."

ராவுத்தர் தன் கருவிகளை எடுத்துக் கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கினார். ராஜா அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை, ஊசி குத்தின இடத்தில் ரத்தம் துளிர்த்தது போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. ராவுத்தர் ஒவ்வொரு சக்கரமாக எடுத்துவைக்க, ராஜா வாய்விட்டு எண்ணினார். முன்பக்கத் தகட்டையும் எடுத்தபோது பதினைந்து சரியாக இருந்தது.

"சரி, விலையைச் சொல்லும்," என்றார் ராஜா உற்சாகமாக.

"சுவிஸ் நாட்டு வேலை. மூடியில் பதினெட்டு காரட் முத்திரை இருக்கிறது. அதில் இருப்பது இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சு; அதில் ரூபிஸை அந்த ஓர் எழுத்து இல்லாமல்தான் எழுதுவார்கள். நான் காரைக்காலில் தொழில் கற்றபோது நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல சரக்கு, மகாராஜா. ஆனால் முந்நூறு ரூபாய்க்கு மேல் போகாது."

"முந்நூறா?" ராஜாவின் முகம் தொங்கிவிட்டது. "கொஞ்சம் முன்னால்தானே பதினைந்தாயிரம் என்றார்கள்?"

ஒரு நூறாவது கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று ராவுத்தர் தன்னையே நொந்துகொண்டார். சேவகர்கள் இன்னும் பின்னால்தான் நின்றிருந்தார்கள்.

அனந்தையா புதிய காகிதம் ஒன்றை எடுத்தார். "மகாராஜா வருத்தப்பட வேண்டாம். முந்நூறு என்பவர் கடைவீதிக்காரர். பதினைந்தாயிரம் என்பவர் முப்பது வருஷப் பொக்கிஷதார். அவர் மதிப்பு தப்பாகுமா? அந்த விலைக்கு அவருக்கே கொடுத்துவிடுங்கள். கிரயப் பத்திரம் எழுதட்டுமா?"

வையாபுரி முன்னால் ஓடிவந்தார். "முந்நூறே அதிகம், மகாராஜா. இருநூற்றைம்பது கொடுத்தால் பெரிது."

ராஜா சிரித்த சிரிப்பில் பூதக்கண்ணாடி கழன்று விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த இருநூற்றைம்பதை ராவுத்தருக்குக் கூலியாகக் கொடும், வையாபுரி. பொக்கிஷத்திலிருந்து இல்லை, உம்முடைய மடியிலிருந்து."