டீ குடித்த கை

சிறைக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்று உத்தரவு வந்த வாரமே இரண்டாம் பிளாக்கில் பீடி நாற்றம் அடித்தது. ஜெயில் சூப்பிரண்டு தர்மராஜ் கைதிகளை வரிசையில் நிறுத்திக் கத்தினார்.

“ஊதினவன் யாருன்னு தெரியணும். இல்லேன்னா இன்னைக்கு எவனுக்கும் மனு கிடையாது!”

மனு என்றால் வீட்டு ஆட்களைப் பார்ப்பது. சமையல்கட்டில் டீ போடும் கைதி மரியசூசையின் மகள், பிறந்த குழந்தையோடு வாசலில் காத்திருந்தாள். அவர்தான் வாயைத் திறந்தார்.

“ஐயா, எல்லாருக்கும் டீ கொடுத்துப் பாருங்க. டீ உள்ளே போனதும், பழக்கம் உள்ளவன் கை தானா பையைத் தடவும்.”

“பலே! எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டா. எவன் கை அசையுதுன்னு நானே பார்க்கிறேன்.”

டீ வந்தது. கைதிகள் குடித்து முடித்துக் கைகளை இறுகக் கட்டிக்கொண்டார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை. சூப்பிரண்டு அவர்களையே முறைத்தபடி கடைசி மடக்கைக் குடித்தார். அவர் கை சட்டைப்பைக்குள் போனது, ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தது.

“ஐயா, ஆள் கிடைச்சாச்சு,” என்றார் மரியசூசை மெதுவாக. “நாங்க மனுவுக்குப் போகலாங்களா?”

சூப்பிரண்டு சிகரெட்டைக் கசக்கிக்கொண்டே வாசலைக் காட்டினார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். “தொட்டுப் பாருங்கப்பா. ஏன் கையைக் கட்டிக்கிட்டே நிக்கிறீங்க?”

“கொஞ்சம் பொறும்மா,” என்றார் மரியசூசை. “இப்பத்தான் டீ குடிச்சேன்.”