சேவலின் கொம்பு

ஞானதிரவியத்துக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. பெற்றவர்கள் குருவம்மாள் என்று பேர் வைத்துவிட்டால் சிஷ்யன் வராமல் என்ன செய்வான், வயதைப் பார்த்துக்கொண்டா வருவான்? அவர் குருவம்மாளை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

கம்ப்யூட்டரில் வருகிற தமிழ் எழுத்துகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து வளைத்து நெளித்துத்தானே செய்திருக்க வேண்டும்? டீச்சருக்கு அதுதான் தொழில். திரவியம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ்ஸில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். மாப்பிள்ளை பெண் பேருக்குப் பொருத்தமான எழுத்தைத் தேடித் தேடி அலுத்துப்போய், நாமே செய்தால் என்ன என்று ஒருநாள் டீச்சர் வீட்டு மாடிக்கு ஏறிவிட்டார்.

கற்றுக்கொண்டு வருகிறபோதே அவருக்கு ஒரு வேலை வந்தது. நல்லமங்கலத்தில் ஓடுகிற ஒரு தனியார் பஸ் கம்பெனி, பஸ் நெற்றியில் லைட்டாக எரிகிற ஊர்ப்பெயர் போர்டுக்குத் தமிழ் எழுத்து கேட்டது. மேனேஜர் கறாரான ஆள்.

"ஒரு வாரம் ரெண்டு பஸ்ஸுல ஓட்டிப் பார்ப்போம். சரியா வந்தா எல்லா பஸ்ஸுக்கும் உங்க எழுத்துதான். வரலேன்னா இங்கிலீஷையே மாட்டிட்டுப் போயிருவேன்" என்றார்.

திரவியம் சொந்தமாகச் செய்த முதல் எழுத்து. டீச்சரை அசத்த வேண்டும் என்று அவரிடம் காட்டாமலே செய்து, காட்டாமலே கொடுத்தும் விட்டார். போர்டுகளை மாட்டிய மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் எழுத்தைப் பற்றியா பேசினார்? மானிட்டரைப் பற்றிப் பேசினார்.

"எனக்கு ஒரு நல்ல மானிட்டர் சொல்லுங்க டீச்சர்."

"இருக்கறதுக்கு என்ன?"

"வளைவெல்லாம் படிக்கட்டுப் படிக்கட்டாத் தெரியுது. ஃபோர்-கே வாங்கலாம்னு பார்க்கேன். எண்பது லட்சம் புள்ளிக்கு மேல இருக்காம். இல்ல, மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஃபைவ்-கேயே வாங்கிரலாமான்னும் ஒரு யோசனை. இருபத்தேழு இஞ்சா முப்பத்திரெண்டா, அது வேற குழப்பம்."

டீச்சரின் மானிட்டர் பழசு. ஒரு மூலையில் மஞ்சள் பாரித்திருக்கும். அதில்தான் ஒரு வாரப்பத்திரிகைக்கு வேண்டிய மொத்த எழுத்தையும் செய்து கொடுத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் திரவியத்துக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

"பஸ் போர்டு எழுத்தைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

இதற்குத்தானே காத்திருந்தார். பென் டிரைவை நீட்டினார்.

போர்டின் உயரம் மொத்தமே பதினாறு வரிசைப் புள்ளி. அதற்குள் அகரம் முதல் எல்லாம் அடங்கியாக வேண்டும். டீச்சர் ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கொம்பில் வந்து நின்றார்.

"இது ஒற்றைக்கொம்பு. இது?"

"இரட்டைக்கொம்பு."

"மேல சுழியைக் காணோமே."

"இருந்துச்சு டீச்சர். பதினாறு வரிசைக்குள்ள சுழிக்கு இடம் எங்க இருக்கு? சுருக்கிச் சுருக்கிக் கடைசியில ஒரே ஒரு புள்ளியா நின்னுச்சு. மூக்குமேல மரு மாதிரி துருத்திக்கிட்டு இருந்துச்சு, எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா கொம்பை ஒரு வரிசை ஒசத்தி விட்டிருக்கேன் பாருங்க. வித்தியாசம் தெரியுதுல்ல?"

"இங்க தெரியுது."

"நல்ல மானிட்டரா இருந்தா அந்தச் சுழியையே அழகா உக்கார வெச்சிருப்பேன். எல்லாக் குறையும் மானிட்டர்லதான்."

டீச்சர் கொஞ்ச நேரம் அந்தக் கொம்பையே பார்த்தார்.

"எந்த ஊர் பஸ்ஸுல மாட்டியிருக்காங்க?"

"மேக்க போறது ஒன்னு, கிழக்க போறது ஒன்னு. ஏதோ பட்டி. நான் எழுத்துதான் குடுத்தேன், பேரை அவங்க அடிச்சுக்குவாங்க."

"சரி. சேவல்பட்டியில என் சிநேகிதி பொன்ராணி இருக்கா. பிள்ளைகளுக்குப் பொம்மைப்படம் வரையறவ. நீங்க சொல்ற மானிட்டர் அவகிட்ட இருக்கு. போய் உக்கார்ந்து பார்த்துட்டு வாங்க. பார்க்காம வாங்கக் கூடாது."

"எங்க இறங்கணும்?"

"கடைசி ஸ்டாப். இப்பவே கிளம்புங்க. போர்டைப் பார்த்து ஏறுங்க."

பஸ் ஸ்டாண்டில் அந்தக் கம்பெனி பஸ்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரண்டும் ஒரே பச்சை. முன்னால் நின்றதன் நெற்றியில் அவருடைய எழுத்து ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. திரவியத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெற்ற பிள்ளை பள்ளிக்கூட மேடையில் ஏறி நிற்பதைப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். ஒரு கொம்பு, ஒரு ச, ஒரு வ. கொம்புக்குச் சுழி இல்லை. இரட்டைக்கொம்பின் சுழியை எடுத்ததே அவர்தானே, வேறு எப்படி இருக்கும்? சேவல்பட்டி என்று படித்தார். பின்னால் நின்ற பஸ்ஸை எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தார். கண்டக்டர் வாசலில் சாய்ந்துகொண்டு பேசாமல் பாக்கு மென்றுகொண்டிருந்தார்.

வேட்டி சட்டை புதிதாக உடுத்திய ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். ஒரு கையில் துணிக்கடைப் பை, மறு கையில் பழத்தட்டு. ஜன்னலோரம் இருந்த திரவியத்திடம் கேட்டார்.

"அண்ணாச்சி, இது சேவல்பட்டிதானே? வெயில்ல கண்ணு கூசுது."

"போர்டுலதான் பளிச்சுன்னு எரியுதே. சேவல்பட்டிதான், ஏறுங்க" என்றார் திரவியம். தொண்டையில் ஒரு கர்வம் வந்து உட்கார்ந்திருந்தது.

வந்தவர் பக்கத்தில் அமர்ந்தார். பேர் சங்கரபாண்டி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை.

"தங்கச்சி மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. அய்யனார் கோவில்ல வெச்சிருக்காங்க. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ராத்திரி வண்டியைப் பிடிச்சு ஓடியாறேன்."

"மாமன் மடி இல்லாம நடக்காதே."

"அதான். அந்த ஊருக்கு வேன்ல ஒரு தடவை போனது. பஸ்ல இதான் மொத தடவை." பையை லேசாகத் திறந்து காட்டினார். சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை, அதன்மேல் ஒரு சிவப்பு டப்பா. "தோடு. ரெண்டு நாளாப் பையிலயே கை வெச்சுக்கிட்டு இருக்கேன்."

கண்டக்டர் வந்தார். சங்கரபாண்டிக்கு இரண்டு கையிலும் சாமான். திரவியமே எடுத்தார்.

"கடைசி ஸ்டாப் ரெண்டு."

கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேல் என்று மண். ஒரு டீக்கடை. சங்கரபாண்டி டீக்கடைக்கார அம்மாவிடம் கோவிலுக்கு வழி கேட்டார்.

"இங்க ஏது அய்யனார் கோவில்? மாரியம்மன்தான்."

"இது சேவல்பட்டிதானே?"

"இது செவல்பட்டிய்யா. மண்ணு. நீங்க கேக்கறது கோழி. அது கிழக்கல்ல இருக்கு."

திரவியம் திரும்பி பஸ்ஸின் நெற்றியைப் பார்த்தார். போர்டு இன்னும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

கண்டக்டர் எரிச்சலோடு வந்தார். "ஏறும்போது ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன? இந்த ரூட்டுல எல்லாரும் மண்ணா கோழியான்னு கேட்டுத்தான் ஏறுவாங்க. நானும் செவல் செவல்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்துவேன். அதான் புது போர்டு மாட்டியிருக்கே, இன்னைக்குப் பேசாம இருப்போம்னு இருந்தேன்."

"திரும்ப எப்ப எடுப்பீங்க?"

"டீ குடிச்சுட்டு."

சங்கரபாண்டியின் போன் அடித்தது. "வாறேன்மா, பஸ் மாறிப்போச்சு" என்றார். மறுபடி அடித்தது. ஆசாரி இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாராம். ஆட்டோ ஏதாவது உண்டா என்று திரவியம் ஓடிப்போய் விசாரித்தார். ஒன்று உண்டு, அது ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. மூன்றாவது தடவை போன் அடித்தபோது சங்கரபாண்டி எடுத்து, அந்தப் பக்கம் சொல்வதை வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார்.

"சரிம்மா. சரி. அழாத. பிள்ளை அழுதாளா?"

போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"நேரம் போயிருச்சாம். சித்தப்பா மகன் மடியில உக்கார வெச்சுக் குத்திட்டாங்க."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பட்டுப்பாவாடைப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

திரவியம் கடை ஓரத்திலேயே நின்றார். சொல்லாமல் போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஏறுங்க என்று ஜன்னலில் இருந்து சொன்ன வாய் அவருடையதுதானே. வெட்கமும் வேதனையுமாக அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்த போர்டு எழுத்து நான் செஞ்சது. ‘சே’வுக்கு மேல ஒரு சுழி வேணும். நான்தான் எடுத்துட்டேன்."

சங்கரபாண்டி நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது திரவியத்துக்கு.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை.

அதே பஸ்ஸில் திரும்பினார்கள். நல்லமங்கலத்தில் திரவியம் அடுத்த பஸ்ஸின் கண்டக்டரிடம் போய், "கோழியா?" என்று கேட்டார். கோழிதான் என்று அவர் சொன்ன பிறகும் டிரைவரிடம் ஒரு தடவை கேட்டார். சங்கரபாண்டியை உட்கார வைத்து, பழத்தட்டை மேலே ஏற்றிக் கொடுத்தார். பை மட்டும் அவர் மடியிலேயே இருந்தது.

டீச்சர் வீட்டு மாடிக்கு அவர் ஏறியபோது டீச்சர் போனைக் காதில் வைத்திருந்தார்.

"காலையில இருந்து அடிச்சு மேனேஜர் இப்பத்தான் எடுத்தார். போர்டை மாத்தற வரைக்கும் கண்டக்டருங்க கத்தணும்னு சொல்லியிருக்கேன்" என்றார். "நீங்க வரலேன்னு பொன்ராணி சொன்னா. எந்த ஊருக்குப் போனீங்க?"

"செவல்பட்டிக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. திரவியம் நடந்ததைச் சொன்னார். ஜன்னலில் இருந்து தான் சொன்ன வார்த்தையையும் சொன்னார். காதுகுத்து என்றதும் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ஒருத்தரைத்தான் அண்ணாச்சி அனுப்பினேன். பக்கத்து சீட்டுல இன்னொருத்தர் இருப்பார்ங்கறது எனக்கும் தோணாமப் போச்சே" என்றார்.



பிறகு திரவியம் டீச்சரின் பழைய மானிட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்துகளைத் திறந்தார். இரட்டைக்கொம்புக்கு வந்தார். உயர்த்திய வரிசையை இறக்கினார். பழைய இடத்தில் அந்த ஒரு புள்ளியை வைத்தார். மூக்குமேல் மரு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு இடம் போதவில்லை என்று கொம்பின் உடம்பை ஒரு வரிசை ஒடுக்கினார். எழுந்து அறையின் கடைசிச் சுவர்வரை போய் அங்கிருந்து பார்த்தார். திரும்பி வந்து இன்னும் ஒரு புள்ளி வைத்தார். மறுபடி சுவருக்குப் போனார். இப்போது ‘சே’ என்ற எழுத்து ‘சே’ என்றே தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்குமே தவறிப்போயிருந்தது. டீச்சர் காபி கொண்டுவந்து வைத்தார்.

புது எழுத்தை மேனேஜருக்கு அனுப்பினார்கள். பார்க்கிறேன் என்றார் அவர், அதற்குமேல் பிடி கொடுக்கவில்லை.

திரவியம் காபியைக் குடித்து முடித்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், அப்ப மானிட்டர்?"

"வாங்குங்க. கண்ணு வலிக்காம வேலை செய்யணும்ல."

"எது வாங்கட்டும்?"

டீச்சர் மஞ்சள் பாரித்த திரையைப் பார்த்தார். இரட்டைக்கொம்பு அதில் பெரிதாக நின்றுகொண்டிருந்தது.

"இந்தப் புள்ளியை வெச்சீங்களே, அப்ப ஸ்கிரீன்ல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

திரவியம் அந்தப் புள்ளியைத் திரும்பப் பார்த்தார்.

"அந்த மனுசன் மடி தெரிஞ்சுது."

"அது தெரியற மானிட்டரா பார்த்து வாங்குங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.